பக்கத்து மண்டபம்

உசிலம்பட்டியில், தேனி ரோட்டில்,
நடுச்சுவர் ஒன்றுக்கு
இரண்டு மண்டபங்கள்.
இந்தப் பக்கம் காதுகுத்து, என் செட்டு.
அந்தப் பக்கம் சடங்கு, வேறு யாருடையதோ.

மொய் வாசித்தவர் ஒச்சப்பன்.
பேருக்கு முன்னால் ஊரை நிறுத்துவார்,
தொகைக்கு முன்னால் கொஞ்சம் இழுப்பார்.
"பன்னியான் விருமாயீ…" என்று இழுத்தபோது
மைக் செத்தது.

விருமாயி நகரவில்லை.
பின்னால் முப்பது பேர். பந்தியில்
கறி தீர்ந்துகொண்டிருந்தது.
"வாசிக்கட்டும், போறேன்."

இருபது வருஷமாய் செட்டுப் போடுகிறவன்
முதலில் பேட்டரியைத்தானே பார்க்கணும்?
நான் ரிசீவரைச் சந்தேகப்பட்டேன்.
வயரை ஆட்டினேன், ஆண்டெனாவைத் திருகினேன்,
ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினேன்.
அது ஏழாம் சேனலை விட்டு
ஒன்பதில் போய் உட்கார்ந்ததைப் பார்க்கவில்லை.

பிறகுதான் மைக்கின் அடிப்பாகத்தைத் திருகினேன்.
இரண்டு பென்சில் பேட்டரி; ஒன்றில் உப்புப் பூத்திருந்தது.
ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு.
தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தைக் கிழித்து மடித்து
பளபளப்பு தெரியும்வரை தேய்த்தேன்.
பால்ராசு புது ஜோடியைப் போட்டான்,
ஒன்றைத் தலைகீழாக.
திருப்பிப் போட்டேன். பச்சை விளக்கு.

ஒச்சப்பன் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்,
ஊர், பேர், இழுப்பு, தொகை.
எங்கள் பெட்டிகளில் மூச்சில்லை.
விருமாயி என்னைப் பார்த்தாள்.
நான் பச்சை விளக்கைப் பார்த்தேன்.

அப்போது கன்னத்தில் சந்தனத்தோடு
ஒரு பையன் ஓடிவந்தான்.
"அண்ணே, ஒங்க ஆளு
எங்க வீட்டு மொய்ய வாசிக்கிறாரு."

எங்கள் மைக் செத்துக் கிடந்த நேரத்தில்தான்
அவர்கள் செட்டைப் போட்டிருக்கிறார்கள்.
அதே கம்பெனி, டவுன்ஹால் ரோட்டில் அதே கடை, அதே ஏழு.
அவர்கள் வாசிப்பாளர் டீக்குப் போயிருக்க,
எழுதுகிறவர் தலை நிமிராமல்
பெட்டி சொன்னதை எழுதிவிட்டார்:
பன்னியான் விருமாயி, இருநூற்று ஒன்று.

"நோட்டுல ஏறிருச்சு, பணத்தக் காணோம்."
"அடிச்சிருங்க தம்பி."
"மொய் நோட்டுல அடிச்சா
எங்கப்பா என்னைய அடிப்பாரு."

தப்பு என்னுடையது. சட்டைப்பையில் கை விட்டேன்.
"நீ ஏன் குடுக்குற? பேரு ஏம்பேரு"
என்றாள் விருமாயி.
கைப்பை ஜிப்பைத் திறந்து
இரண்டு நூறு, ஒரு ரூபாய்க் காசு.
"தை மாசம் எம் மகனுக்குக் காதுகுத்து.
எழுதுனவுகள வந்துரச் சொல்லு."

ரிசீவரின் சிவப்புக் கண்ணுக்கு நேரே
மைக்கைப் பிடித்து, மூச்சடக்கி நின்றேன்.
இரண்டும் ஒன்பதில் சேர்ந்தன.
ஒச்சப்பன் மூன்றாம் தடவை வாசித்தார்.
ரோட்டு ஹாரன் வரைக்கும் போனது அவள் பேர்.
கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்,
ரசத்துக்கு.

செத்த ஜோடியில் உப்புப் பூக்காததை
வீட்டுக் கடிகாரத்தில் போட்டேன்.
கார்த்திகை வரை ஓடியது.
மைக்குக்குப் பத்தாதது
மணிக்குப் போதும்போல.

தையில் விருமாயி வீட்டு விசேஷம். என் செட்டுதான்.
பந்தலில் ஒரு குடும்பம்,
யாரிடமும் பேசத் தெரியாமல்
மொய் வரிசையில் நின்றது.
தொட்டப்பநாயக்கனூர் ஜெயக்கொடி, ஐந்நூற்று ஒன்று.
"என்ன முறை?" என்றார் ஒச்சப்பன்.
ஜெயக்கொடி மனைவியைப் பார்த்தார்.
அவர் பையனைப் பார்த்தார்.

இலை போட்டுக்கொண்டிருந்த விருமாயி
அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்:
"பக்கத்து மண்டபம்னு வாசிங்க."

இழுத்து வாசித்தார்.
விளக்கு பச்சையாகத்தான் இருந்தது.
நான் பந்தலின் கடைசிக் கால்வரை நடந்துபோய்
காதால் கேட்டுவிட்டு வந்தேன்.